வேறு நாட்டில் பலன் கண்ட கடற்கரைத் தீர்வை எங்கள் ஊரில் செயல்படுத்த எல்லை தாண்டிய நிதி: சிறு கூட்டுறவு ஒன்று எப்படி நுழைவது?

கேள்வி
கரையோரக்காரி, திராப்பனி மாகாணம், சிசிலி

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து பலெர்மோவில் வளர்ந்தவள் நான். இப்போது திராப்பனி மாகாணத்தின் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுடையது சிறிய கூட்டுறவு. கோடையில் கயாக் வாடகைக்கு விடுகிறோம். மூச்சுக்குழாயும் கண்ணாடியும் கொடுத்துக் கடற்புல் வெளியைப் பார்க்கப் பயணிகளை அழைத்துப் போகிறோம். குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் வகுப்பு நடத்துகிறோம்.

பிரச்சினை இதுதான். பொசிடோனியா ஓசியானிகா என்ற கடற்புல் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது. பலர் அதைப் பாசி என்று நினைக்கிறார்கள். அது வேரும் தண்டும் பூவும் உள்ள செடி. இலையுதிர்காலத்தில் இலைகளை உதிர்க்கிறது. புயல் அடித்தால் அவை கரையில் வந்து குவிகின்றன. எங்கள் கரையின் மேற்கு முனையில் இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும். அந்தக் குவியல்தான் குளிர்கால அலைகள் மணலைக் கரைத்துக்கொண்டு போகாமல் தடுக்கிறது. மே மாதம் பிறந்ததும் மண்வாரி இயந்திரம் வருகிறது. இலையும் மணலும் சேர்ந்தே லொறியில் ஏறுகின்றன. அடுத்த குளிர்காலத்தில் கரை இன்னும் ஒடுங்குகிறது. பிறகு மணல் போய்விட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. பொஸ்பெமெட் என்ற ஐரோப்பியத் திட்டம் பொசிடோனியா ஒதுங்கும் கரைகளையும் அவற்றின் பின்னால் உள்ள மணல்மேடுகளையும் எப்படிப் பராமரிப்பது என்பதையே ஆராய்ந்தது. பிறகு பொஸ்பெமெட் 2 வந்து, பல நாடுகளின் கரைகளில் அதைச் செய்து பார்த்தது. இத்தாலியின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான இஸ்ப்ராவும் இலைகளை அப்படியே விட்டுவைக்கும் கரைகளைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழிகாட்டி வெளியிட்டது. ஆக, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியவை இரண்டு: செய்து முடித்தவர்கள் வந்து எங்களோடு ஒரு பருவம் நின்று காட்ட வேண்டும், இங்கே செயல்படுத்துவதற்குப் பணம் வேண்டும்.

பலன் கண்ட தீர்வுகளை வேறிடத்தில் மறுபடி பயன்படுத்துவதற்கென்றே இன்டர்ரெக்கில், அதாவது எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் நிகழ்ச்சித்திட்டங்களில், நிதி உண்டு என்று கேள்விப்பட்டேன். தளங்களைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பக்கங்கள். எங்களைப் போன்ற சிறு கூட்டுறவு நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா? பணம் முன்னால் தருவார்களா, பின்னால் தருவார்களா? வேறு நாட்டுப் பங்காளர்களை எங்கே தேடுவது? நகரசபை பாதி மனத்தோடுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தொடங்கலாமா? இதில் கை வைத்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள், தயவுசெய்து.


பதில் 1
மர்சேய் கணக்காளர்

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். நான் மர்சேயில் ஒரு பொது நிறுவனத்தில் ஐரோப்பியத் திட்டங்களின் கணக்குகளைப் பார்க்கிறவன். நீ கேட்பது எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் விஷயம். ஆனால் ‘புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை’ என்று துணிந்து சொல்கிறவர்கள் மிகவும் குறைவு. அதற்காகவே உனக்கு உதவ வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் எந்த வாசல் என்று பார்ப்போம். உன் ஊருக்குப் பொருந்தும் வாசல்கள் நான்கைந்து உண்டு. பொஸ்பெமெட்டுக்குப் பணம் கொடுத்தது இன்டர்ரெக் மெட். அதன் வாரிசுதான் நடப்பு 2021-2027 காலத்தின் யூரோ-மெட். போர்த்துகல் முதல் சைப்ரஸ் வரை 14 நாடுகள் அதில் அடங்கும். அங்கே திட்டங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: ஆராய்வது, சோதித்துப் பார்ப்பது, இன்னோர் இடத்துக்கு மாற்றிக் கொடுப்பது. உன்னுடையது மூன்றாவது வகை. செலவில் 80% அவர்கள் தருவார்கள், மீதி 20% பங்காளர் போட வேண்டும். துனீசியாவையோ வேறு தென்கரை நாட்டையோ சேர்த்துக்கொண்டால் நெக்ஸ்ட் மெட் இருக்கிறது. அங்கே 89% கிடைக்கும், முன்பணம் தரும் முறையும் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஒரு நாடாவது கட்டாயம் பங்கெடுக்க வேண்டும். சிசிலியிலேயே நிர்வகிக்கப்படும் இத்தாலி-மால்டா, இத்தாலி-துனீசியா நிகழ்ச்சித்திட்டங்களும் உள்ளன. மால்டாவிலும் துனீசியக் கரையிலும் இதே கடற்புல் வளர்கிறது, அதை மறந்துவிடாதே. இன்டர்ரெக் யூரோப் என்ற பெயரையும் பார்த்திருப்பாய். அது அரச நிறுவனங்கள் தங்கள் கொள்கைகளைத் திருத்திக்கொள்ள ஒருவரிடம் ஒருவர் கற்கும் இடம். உன் கரையில் வேலை செய்ய அதில் பெரிய பணம் வராது. ஆனால் அதன் கற்றல் தளத்தில் நல்ல நடைமுறைகளின் தொகுப்பு உண்டு, ஒரே பிரச்சினை உள்ள ஊர்களை ஒருவரோடு ஒருவர் இணைத்தும் வைக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

பங்காளர்களைத் தேடக் கீப் என்ற தரவுத்தளத்தைத் திற. இன்டர்ரெக் நிகழ்ச்சித்திட்டங்களுக்குத் துணை நிற்கும் இன்டராக்ட் நடத்தும் அந்தத் தளத்தில் இன்டர்ரெக் திட்டங்களும் அவற்றின் பங்காளர்களும் பதிவாகியிருக்கும். பொஸ்பெமெட்டில் இருந்த ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரையும் எடு. அவர்களுக்கு எழுதும்போது ‘எங்களோடு சேர்கிறீர்களா’ என்று மட்டும் கேட்காதே. உங்கள் கரையில் திட்டப் பணம் தீர்ந்த பிறகும் இலைகள் அப்படியே விடப்பட்டிருக்கின்றனவா என்று கேள். அதற்கு வரும் பதிலைப் பார்த்தால் யாரிடம் கற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இனிப் பணம். இதை நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். யூரோ-மெட் போன்றவற்றில் பணம் பின்னால்தான் வரும். நீ சம்பளம் கொடுத்து, பயணச் சீட்டு வாங்கி, ஆறு மாதச் செலவை அறிக்கையாக எழுதிக் கணக்காய்வாளரிடம் கொடுக்கிறாய். அவர் ஒப்புக்கொண்ட பிறகு, திட்டத்தை முன்னின்று நடத்தும் முதன்மைப் பங்காளர் எல்லோருடைய கணக்கையும் சேர்த்து அனுப்புகிறார். ஒரு பங்காளர் தாமதித்தாலும் எல்லோருடைய பணமும் நிற்கும். நான் கணக்குப் பார்த்த ஒரு திட்டத்தில் நல்ல மனம் படைத்த ஒரு சிறிய சங்கம், முதல் தவணை வருவதற்குள் இரண்டு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் இருவரும்தான் அந்த வேலையை உண்மையில் தெரிந்தவர்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே, ஓர் ஆண்டுச் செலவைக் கையிலோ வங்கிக் கடனிலோ தாங்க முடியாத கூட்டுறவு பங்காளராக நுழையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

20% பற்றியும் ஒரு விஷயம். இத்தாலியில் பொது நிறுவனங்களின் பங்கைத் தேசியச் சுழல்நிதி ஏற்றுக்கொள்ளும். நகரசபையோ கடல் பாதுகாப்புப் பகுதியோ பங்காளரானால் அந்த 20% அவர்கள் கையிலிருந்து போகாது. தனியார் அமைப்பு தன் பையிலிருந்துதான் போட வேண்டும். நீங்கள் கயாக் வாடகைக்கு விடுகிறவர்கள், அதாவது சந்தையில் தொழில் செய்கிறவர்கள் என்பதால், வாங்கும் தொகை அரச உதவிக் கணக்கிலும் ஏறும்; தொழில்களுக்கு அரசு தரும் உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 300,000 யூரோ என்பது சிறு உதவிக்கான உச்சவரம்பு. நீங்கள் அதைத் தொடமாட்டீர்கள், ஆனாலும் அறிவிப்புப் படிவம் நிரப்பியே ஆக வேண்டும்.

அப்படியானால் நீங்கள் எங்கே நிற்பது? இரண்டு வழிகள், இரண்டிலும் ஒரு சிக்கல். பங்காளரானால் பணச் சுமை உங்கள் தலையில். நகரசபையைப் பங்காளராக்கிவிட்டு அதனிடம் வேலையை ஒப்பந்தமாக வாங்கலாம் என்று நினைத்தால், நகரசபை முறையாக விலைமனு கேட்க வேண்டும். வேலை உங்களுக்கே கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டையும் சேர்க்கவும் முடியாது: ஒரே திட்டத்தின் பங்காளர்கள் ஒருவரையொருவர் ஒப்பந்தக்காரராக அமர்த்துவதற்கு விதி இடம் தருவதில்லை. என்னைக் கேட்டால், பணம் பெறாத இணைப் பங்காளராக உங்கள் பெயரைப் போட்டு, கரையைப் பற்றிய அறிவும் பள்ளி வகுப்பும் உங்களிடமிருந்துதான் வருகின்றன என்பதை விண்ணப்பத்திலேயே எழுதவைப்பேன். பிறகு சிறிய வேலைகளுக்கு விலைமனு வரும்போது போட்டியிடுங்கள். அந்தக் கரையை உங்களைப் போல் அறிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

நகரசபை பாதி மனத்தோடு இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதை இன்னொருவர் நன்றாகச் சொல்வார் என்று நினைக்கிறேன்.


பதில் 2
இன்ஸ்புரூக் வாசகன்

மலைநாட்டிலிருந்து எழுதுகிறேன், கடல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தீர்வு எல்லை தாண்டிப் போவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆஸ்திரிய மலையேற்றச் சங்கம் 2008 முதல் ‘மலையேறிகள் கிராமங்கள்’ என்ற பெயரில் சில ஊர்களை ஒன்றுசேர்த்தது. பனிச்சறுக்குப் பெருந்தளங்களைக் கட்டாமல், நடந்தும் ஏறியும் மலையை அனுபவிக்க வருகிறவர்களை நம்பி வாழும் சிற்றூர்கள் அவை. 2015இல் ஜெர்மனியின் ராம்சாவ் சேர்ந்தது. 2017இல் இத்தாலியின் தெற்குத் தீரோலிலிருந்து மாட்ஷ், 2018இல் ஸ்லோவேனியாவின் யெசெர்ஸ்கோ, பிறகு சுவிட்சர்லாந்திலும் சில ஊர்கள். எல்லை தாண்டிய வேலைகள் சிலவற்றுக்கு இன்டர்ரெக் பணம் உதவியது.

இத்தனை நாடுகளுக்குப் போயும் அது ஏன் நீர்த்துப்போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நிபந்தனைகள் கடுமையானவை. ஊரில் 2,500 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நிலத்தில் குறைந்தது 20% இயற்கைக் காப்புப் பகுதியாக இருக்க வேண்டும். பெரிய தளக் கட்டுமானம் கூடாது. கிராஸ்கிளாக்னர் மலையடிவாரத்தில் உள்ள கால்ஸ் தொடக்கத்தில் இந்தக் கூட்டத்தில் இருந்த ஊர். பக்கத்து மாட்ரையோடு பனிச்சறுக்குத் தளத்தை இணைத்தபோது அது வெளியே போக வேண்டியதாயிற்று. ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த மலைக்குக் கீழே இருக்கும் ஊர்! அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு கிடைக்காது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் சேர்ந்த ஊர்களுக்கு அந்த ஒரு முடிவு எல்லாக் கையேடுகளையும் விடத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தீர்வில் எதை விட்டுக்கொடுத்தால் அது அந்தத் தீர்வாகவே இருக்காது? என் அறிவுக்கு எட்டிய வரை, கரையில் கனரக இயந்திரம் இறங்கக் கூடாது என்பதுதான் அது. அதைத் தவிர மற்றவை எல்லாம், பலகை வைப்பது, மரப்பாதை போடுவது, சிறுநூல் அச்சிடுவது, ஊருக்கு ஊர் மாறலாம். மாற்றிக் கொடுக்கும் திட்டங்களில் நான் கண்ட குறை, எளிதாக நகரக்கூடியவற்றை மட்டும் கொண்டுபோவது. அறிவிப்புப் பலகை எல்லை தாண்டும், தடை தாண்டாது. பிறகு எல்லாம் நடந்தது என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். இயந்திரம் அடுத்த மே மாதமும் வரும்.

அந்த ஒரு நிபந்தனையை நகரசபைத் தீர்மானமாக வாங்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும் என்பேன். தராவிட்டால் பக்கத்து ஊரைப் பாருங்கள்.


கரையோரக்காரி

அண்ணா இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இணைப் பங்காளர் யோசனையைக் கூட்டுறவுக் கூட்டத்தில் வைத்தேன். பணமில்லாமல் பெயரை மட்டும் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய சங்கத்தின் கதையைச் சொன்னதும் பேச்சு மாறியது.

இன்ஸ்புரூக் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுவே: இயந்திரம் இறங்கக் கூடாது. கைக்கருவி வைத்து வேலை செய்யலாம். இத்தாலியச் சட்டமும் இடம் தருகிறது. இலைகளை அப்படியே விடலாம். கோடைக்கு மட்டும் கரையின் ஓரத்துக்கோ பின்பகுதிக்கோ நகர்த்தி வைத்து, இலையுதிர்காலத்தில் திரும்பப் பரப்பலாம். அகற்றிக் கொண்டுபோவது கடைசி வழி. கடல் தூய்மைக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கரை ஒதுங்கும் தாவரங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

நகரசபை தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கரையில் குடையும் சாய்கட்டிலும் போட்டு லிடோ நடத்தும் குத்தகைக்காரர்கள். அவர்களுக்குச் சுத்தமான மணல் வேண்டும், ஜூன் முதல் தேதியிலேயே வேண்டும். இரண்டாவது, நல்ல கரைகளுக்குச் சான்றாகத் தரப்படும் நீலக்கொடி. இலை கிடந்தால் நீலக்கொடி கிடைக்காது என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். நான் அந்த நிபந்தனைகளை எடுத்துப் படித்தேன். கடல் தாவரங்களும் இயற்கையாக ஒதுங்குபவையும், தொந்தரவாக இல்லாத வரை, கரையிலேயே விடப்பட வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது! அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

லிடோக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் தெரியவில்லை. விருந்தினர்கள் நாற்றம் என்று குறை சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பொய் என்றும் சொல்ல முடியாது. நனைந்த குவியலில் வெயில் ஏறினால் வாடை வரத்தான் செய்கிறது.


பதில் 3
அல்கேரோ வரவேற்பறை, சர்தேனியா

சகோதரி, நான் திருச்சிக்காரி. அல்கேரோ பக்கம் ஒரு விடுதியின் வரவேற்பறையில் பல கோடைகளாக நிற்கிறேன். கடற்புல் பற்றிய குறைகள் முதலில் வந்து விழும் இடம் என் மேசைதான். அதனால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விருந்தினர்கள் இலையைக் கண்டு கோபப்படுவதில்லை. எதிர்பாராததைக் கண்டுதான் கோபப்படுகிறார்கள். விடுதியின் இணையப் பக்கத்தில் வெண்மணலும் நீலக் கடலும் மட்டுமே இருக்கும். வந்து பார்த்தால் பழுப்பு நிறத் திட்டு. ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றத்தானே செய்யும்? நாங்கள் முன்பதிவு உறுதிக் கடிதத்திலேயே நான்கு வரிகள் சேர்த்தோம்: இந்தக் கரையில் பொசிடோனியா இலைகள் இருக்கும், தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பது இந்தச் செடியால்தான், இலைகள் இல்லாத பகுதி வேண்டுமானால் இந்தப் பக்கம் போங்கள், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இந்த வழி எளிது. பருவத்துக்கேற்ற ஒரு புகைப்படமும் வைத்தோம். குறைகள் நின்றுபோகவில்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. ‘இது என்ன அசிங்கம்’ என்று வந்தவர்கள், ‘இதைத்தான் எழுதியிருந்தீர்களா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, நடக்க வழி. குவியலின் மேல் கழற்றி எடுக்கக்கூடிய மரப்பாதை போட்டுவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் பெரிய உதவி. வாடை வருவது நீங்கள் சொன்னதுபோல ஈரக் குவியலில்தான். உயரமாகக் குவித்து வைத்தால் உள்ளே அழுகும். தட்டையாகப் பரவிக் கிடந்தால் காய்ந்துவிடும், வாடையும் அதிகம் இருக்காது. சுத்தம் செய்கிறோம் என்று ஓர் ஓரத்தில் மேடாகத் தள்ளிவைக்கிறார்களே, அதுதான் நாற்றத்துக்கு முதல் காரணம் என்று உங்கள் லிடோக்காரர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அதே குவியலைக் கோடையில் கிளறினால் அவர்கள் வாடிக்கையாளர்கள் ஓடியே போவார்கள்.

நிதி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரித் திட்டங்களின் கூட்டங்களுக்கு எங்கள் விடுதியின் மேலாளரை அழைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் நிற்பவர்களையோ, குடை விரிக்கும் பையன்களையோ, அறை சுத்தம் செய்யும் பெண்களையோ ஒருவரும் அழைத்ததில்லை. விருந்தினர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் நாங்கள்தான். உங்கள் பட்ஜெட்டில் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, அந்த நாள் சம்பளத்தோடு, கட்டாயம் சேருங்கள். வேறு கரையில் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகாட்டிய ஊழியர் ஒருவரை அதற்கு வரவழையுங்கள். அதிகாரி சொல்வதை விட அவர் சொல்வது காதில் ஏறும்.

லிடோ முதலாளிகளுக்கு இன்னொரு வாதமும் இருக்கிறது. மணல் போனால் அவர்கள் குடை போடும் வரிசைகளும் போகும். சாய்கட்டில் வரிசை ஒன்று குறைந்தால் ஒரு கோடைக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் சொல்வதை விட அந்தத் தொகை நன்றாகப் பேசும்.


மர்சேய் கணக்காளர்

திருச்சிச் சகோதரி சொன்ன பயிற்சி நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் தங்கச்சி. மாற்றிக் கொடுக்கும் திட்டத்தில் பணம் போக வேண்டிய இடம் அதுதான். தீர்வைத் தருகிறவர்களின் ஊழியர்கள் உன் கரையில் செலவழிக்கும் நாட்கள், உன் ஊர் ஆட்கள் அவர்கள் கரைக்குப் போய் ஒரு பருவமாற்றத்தைப் பார்ப்பது, இரண்டும் பட்ஜெட்டில் பெரிய வரிகளாக இருக்க வேண்டும். பொதுவாக நான் பார்ப்பது வேறு: தருகிறவர் இரண்டு இணையவழிக் கூட்டங்களில் தலைகாட்டுவார்; பெறுகிறவர் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திப் புதிய வழிகாட்டி எழுதவைப்பார். ஏற்கெனவே நல்ல வழிகாட்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு? மதிப்பீட்டாளர்களும் அதைக் கவனிக்கிறார்கள், எதை மாற்றாமல் எடுக்கிறாய், எதை ஏன் உன் ஊருக்கேற்ப மாற்றுகிறாய் என்று தெளிவாக எழுதிய விண்ணப்பம் அவர்களுக்குப் பிடிக்கும். அலுவலகச் செலவுக்குப் பில் சேர்க்க வேண்டாம். ஊழியர் செலவில் 15% வரை ஒரே விகிதமாகக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தைக் கரையில் செலவிடு.

இன்டர்ரெக் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றினால் சிறிய வாசலும் உண்டு. கிராமப்புறங்களுக்கான லீடர் முறையின் உள்ளூர்ச் செயற்குழுக்களும், மீன்பிடிப் பகுதிகளுக்கான அதே வகைக் குழுக்களும் வேறு நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து கூட்டுத்திட்டங்கள் செய்யலாம். தொகை சிறியது. ஆனால் உன் ஊருக்குப் பக்கத்திலேயே அலுவலகம் இருக்கும், இத்தாலிய மொழியிலேயே எல்லாம் நடக்கும். மரப்பாதைக்கும் பயிற்சிக்கும் அது போதலாம்.

விண்ணப்பத்துக்கு முன் இந்தக் குளிர்காலத்தில் ஒரு வேலை செய்து வை. கரையின் இரண்டு இடங்களில், ஒன்று இலை அகற்றப்பட்ட பகுதி, மற்றது இலை விட்டுவைக்கப்பட்ட பகுதி, நிலையான அடையாளக் கம்பங்களிலிருந்து கடல் விளிம்பு வரை மாதந்தோறும் அளந்து, அதே கோணத்தில் படம் எடு. பள்ளிப் பிள்ளைகளையே அளக்கச் சொல். தொடக்கநிலை என்னவென்று காட்டும் தரவு கையில் இருக்கும் சிற்றூர்கள் அரிது. லிடோக்காரர்கள் முன்னால் வைக்கவும் அதுவே உதவும்.

கடைசியாக மேயரின் கையொப்பம். பங்காளர் உறுதிக் கடிதத்தில் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட வேண்டும். இன்ஸ்புரூக் தம்பி சொன்ன இயந்திரத் தடைக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் தேவைப்படும். அந்தத் தீர்மானம் நிறைவேற எத்தனை வாரம் ஆகும் என்று நகரசபைச் செயலாளரிடம் இப்போதே கேட்டு வை. அடுத்த உள்ளூர்த் தேர்தல் எப்போது என்பதையும் பார்த்துக்கொள். விண்ணப்பங்களுக்கான அழைப்பு திறந்த பிறகு கேட்கப் போனால், எல்லாம் தயாராக இருந்தும் அந்த ஒரு தாளுக்காக விண்ணப்பம் நின்றுவிடும்.